மேக்பெத்தை வரிவரியாக நடத்துவது வீண்வேலையா?

ஜூலை 9 (ஒரு வாசகரின் கேள்வி)

இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறுபது பேருக்கு இந்தப் பருவத்தில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தை நடத்துகிறேன். பாதிப்பேர் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கதையையும் பாத்திரங்களின் இயல்பையும் சொல்லி, தேர்வில் திரும்பத் திரும்ப வரும் பத்துக் கேள்விகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அவர்கள் தேர்ச்சி பெற்றுவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பார்க்கும் நுண்வாசிப்பு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே உரியது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லலாம்.

ஜூலை 10, இரவு

மறுக்கிறேன், ஆனால் முதலில் ஒரு பழைய கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

நான் மாணவியாக இருந்தபோது எங்களுக்கும் குறிப்புதான் கிடைத்தது. பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். மேக்பெத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் "வால்ட்டிங் ஆம்பிஷன்", அதாவது எல்லை தாண்டித் தாவும் பேராசை, என்பது அந்தக் குறிப்பின் முதல் வரி. அதை எத்தனை தேர்வுகளில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதிய எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. பிறகு நானே ஆசிரியையாகி, மறுநாள் வகுப்புக்காக முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியை வாசித்த இரவில்தான் அந்தத் தொடர் எந்த வாக்கியத்தில் வருகிறது என்பதையே பார்த்தேன். மேக்பெத் அங்கே தன் பேராசையைப் பெருமையாகச் சொல்லவில்லை, மன்னன் டங்கனைக் கொலை செய்யப் போவதற்குக் காரணமாகவும் சொல்லவில்லை. என் எண்ணத்தின் விலாவில் குத்திக் கிளப்ப என்னிடம் குதிமுள் எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் தாவி ஏறப்போய் அந்தப் பக்கமாக விழுகிற ஆசை மட்டுமே என்கிறான். குதிரையில் ஏறப் பார்த்துச் சேணத்தையும் தாண்டி மறுபக்கம் போய் விழுகிறவனின் படம் அது. நியாயமாகப் பார்த்தால் சிரிப்பூட்டும் படம். அதற்கு மேல் ஒன்று உண்டு. "அந்தப் பக்கமாக" என்று நான் மேலே எழுதினேனே, அந்தப் "பக்கம்" மூலத்தில் இல்லை. "அந்த" என்ற இடத்தோடு அவன் பேச்சு நிற்கிறது, மனைவி உள்ளே வருகிறாள். அவளிடம் அவன் சொல்லும் முடிவு, இந்த வேலையில் இதற்கு மேல் நாம் போக வேண்டாம் என்பது.

கொலையை வேண்டாம் என்று முடிவெடுக்கிற பேச்சிலிருந்து இரண்டு சொல்லைப் பிய்த்தெடுத்து, கொலைக்கான காரணமாக நான் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். குறிப்பு முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். அந்த வரியை வாசிக்காமலேயே அந்த வரியைப் பற்றிப் பேசும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது அதுதான்.

ஜூலை 11

தாய்மொழிக்காரர்களுக்கே உரியது என்ற பகுதிக்கு நேற்று பதில் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அந்த விடைகளை வைத்து 1929இல் அவர் வெளியிட்ட நூலில், வாசகர்களுக்கு வரும் இடர்ப்பாடுகளின் பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடாமல் போவது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமக்குப் புரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் மாணவருக்கு அது தெரிகிறது. வகுப்பு தொடங்கும்போது நமக்கு இருக்கும் கைமுதல் அதுதான்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது மேக்பெத், சுமார் 2,100 வரிகள். முழுவதையும் சொல்சொல்லாக நடத்த ஒரு பருவம் போதாது. ஆறு இடங்களை எடுத்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றும் பதினைந்திலிருந்து முப்பது வரிகள். மற்றவற்றைக் கதையாகச் சொல்லிக் கடக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஜூலை 15

வகுப்பில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பத்து வரியைக் கொடுத்துத் தமிழில் எழுதிவரச் சொல்கிறேன். அழகாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பதவுரைபோல இருந்தால் போதும். எழுதி வந்தபின் எந்த இடத்தில் பேனா நின்றது என்று கேட்கிறேன். பேனா நின்ற இடம்தான் அன்றைய பாடம்.

இந்த முறையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு மாணவி தலையில் கட்டினாள். சில ஆண்டுகளுக்கு முன் அதே ஏழாம் காட்சியைத் தமிழில் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அவள் நோட்டில் லேடி மேக்பெத் பேசும் பகுதியில் முதல் நான்கு வரி "நீங்க" என்றும், அதற்குப் பிறகு "நீ" என்றும், கடைசியில் மறுபடி "நீங்க" என்றும் இருந்தது. கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டமும் போட்டுவிட்டேன். அவள் எழுந்து, "மேம், புத்தகத்திலேயே அப்படித்தான் மாறுது" என்றாள்.

புத்தகத்தைத் திறந்தால் மாறத்தான் செய்கிறது. அவள் உள்ளே வந்ததும், ஏன் அறையை விட்டு வந்தீர்கள் என்று "யூ" போட்டுத்தான் கேட்கிறாள். நீங்கள் உடுத்திக்கொண்டிருந்த நம்பிக்கை குடித்துவிட்டிருந்ததா, இப்போதுதான் விழித்து வெளிறிப் பார்க்கிறதா என்று கேலி செய்யும்போதும் "யூ" தான். பிறகு ஒரு வரியின் நடுவில், இந்த நேரத்திலிருந்து உன் காதலையும் நான் இப்படித்தான் மதிப்பேன் என்னும்போது "தை லவ்" என்கிறாள். அங்கிருந்து மடை திறந்ததுபோல, அக்கால ஆங்கிலத்தின் ஒருமையான "தௌ" (நீ), "தைன்" (உன்) என்று கொட்டுகிறது: ஆசையில் இருக்கிற நீ செயலிலும் வீரத்திலும் இருக்கப் பயப்படுகிறாயா, உன் கண்ணிலேயே நீ கோழையாக வாழ்வாயா. அவன் தாங்கமாட்டாமல் போதும் நிறுத்து என்கிறான். அவள் நிறுத்தவில்லை, ஆனால் "யூ"வுக்குத் திரும்பிவிடுகிறாள்: அப்படியானால் இந்தத் திட்டத்தை என்னிடம் சொல்லும்படி உங்களை ஆக்கிய மிருகம் எது?

இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு வழக்கொழிந்துவிட்டது. ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளைக்கு "தௌ" என்பது பழைய காலத்து மொழி என்ற ஒரே உணர்வைத்தான் பெரும்பாலும் தரும். நம் மாணவிக்கு அது வீட்டில் கேட்ட சண்டை. கணவனை "நீங்க" என்று அழைக்கும் பெண் ஒரு வாக்கியத்தின் நடுவில் "நீ" என்று மாறினால் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் குறிப்பு எழுதித் தர வேண்டியதில்லை. மாற்றம் "காதல்" என்ற சொல்லில் தொடங்குகிறது என்பதையும் அவளே காட்டினாள். நாடகம் முழுவதிலும் அவனிடம் அவள் நேரில் "தௌ" வழியில் பேசுவது அந்த ஒரே இடம்தான் என்று அன்று வகுப்பில் கர்வத்தோடு அறிவித்தேன்.

ஜூலை 16

நேற்றைய கடைசி வாக்கியம் பிழை. அன்றும் அது பிழையாகத்தான் இருந்தது, அடுத்த வாரமே வேறொரு மாணவன் திருத்தினான். ஐந்தாம் காட்சியில் போரிலிருந்து திரும்பும் கணவனை வரவேற்கும்போதே, உன் கடிதங்கள் என்னை இந்த அறியாத நிகழ்காலத்துக்கு அப்பால் தூக்கிப் போய்விட்டன என்று "தை லெட்டர்ஸ்" போட்டுத்தான் அவள் தொடங்குகிறாள்.

இதனால் என் வாதம் கெடவில்லை, சற்றுக் கூர்மையானது என்றே நினைக்கிறேன். வரவேற்கும்போது நெருக்கத்தின் "உன்". அடுத்த சில வரிகளில், மன்னன் எப்போது புறப்படுகிறான் என்று கேட்டு, நாளை என்ற பதில் வந்ததும், அந்த நாளையைச் சூரியன் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, உங்கள் முகம் ஒரு புத்தகம்போல இருக்கிறது, அதில் மனிதர்கள் விநோதமானவற்றைப் படித்துவிடலாம் என்று "யுவர் ஃபேஸ்" என்கிறாள். வேலை தொடங்கிவிட்டது, "உன்" போய்விட்டது. ஏழாம் காட்சியில் அந்த "உன்" காதலை ஆயுதமாக்கிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு அவள் விழித்திருந்து அவனிடம் பேசும் இடம் எதிலும் நான் "தௌ"வைப் பார்க்கவில்லை.

ஜூலை 21

"தௌ என்றால் நீ, யூ என்றால் நீங்கள் என்று சமன்பாடு போட்டுக் கொடுப்பதும் ஒருவகைக் குறிப்புதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குத்தல்தான், ஆனால் சரியான குத்தல்.

மேக்பெத் எழுதப்பட்ட 1606ஐ ஒட்டிய காலத்தில் "யூ" ஏற்கெனவே பொதுவழக்காகிவிட்டிருந்தது. ஆகவே எல்லா "யூ"வும் மரியாதை ஆகாது, அது வெறும் வழக்கமாகவும் இருக்கலாம். மேக்பெத் தன் மனைவியிடம் பேசும் இடங்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் குழப்பம். கொலை முடிந்து வந்ததும் ஏதோ சத்தம் உனக்குக் கேட்கவில்லையா என்று "தௌ" போடுகிறான். மூன்றாம் அங்கத்தில், இருவரும் தனியாக இருக்கும் காட்சியில், நீங்களும் விருந்தில் மகிழ்ச்சியாக இருங்கள் என்ற பொருளில் "யூ" போட்டுவிட்டு, பத்து வரிக்குள், சக தளபதி பாங்க்வோவும் அவன் மகனும் உயிரோடு இருப்பது உனக்குத் தெரியும் என்று "தௌ"வுக்குப் போகிறான். இதற்கு என்னிடம் அழகான விளக்கம் ஒன்றும் இல்லை. வகுப்பிலும் இல்லையென்றே சொன்னேன்.

போதாததற்கு அவன் கத்தியையும் "தௌ" என்கிறான், தரையையும் "தௌ" என்கிறான், பாங்க்வோவின் ஆவியையும் "தௌ" என்கிறான். அங்கே நெருக்கமும் இல்லை, இளக்காரமும் இல்லை. அதையும் மாணவர்கள் தமிழ் வழியாகவே பிடித்துக்கொண்டார்கள்: சாமியை "நீங்கள்" என்று யார் கும்பிடுகிறார்கள்?

ஆகவே சமன்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாற்றம் நிகழும் இடத்தில் நின்று ஏன் என்று கேட்பதை மட்டும் விடமாட்டேன். காரணம் கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்று எழுதுவதற்கும் நான் மதிப்பெண் தருகிறேன்.

ஜூலை 22

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் மாணவர்கள் ஒருவரையொருவர் மரியாதையோடு "நீங்கள்" என்று அழைத்துக்கொண்டு, கடன் திருப்பித் தராதவனை மட்டும் திடீரென்று "நீ" என்று மாற்றிக் கூப்பிட்டு, "இந்த நேரத்திலிருந்து உன் நட்பையும் நான் இப்படித்தான் மதிப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேன்டீன் கணக்கு ஒன்று அதனால் தீர்ந்ததாகக் கேள்வி.

ஜூலை 30

இரண்டே சொல்லில் ஒரு முழு வகுப்பு போன கதை.

அதே ஏழாம் காட்சி. நாம் தோற்றுவிட்டால் என்று மேக்பெத் கேட்கிறான். அவள் பதில் "வீ ஃபெயில்". 1623இல் வெளிவந்த முதல் ஃபோலியோ என்ற ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்புதான் இந்த நாடகத்துக்கு நம்மிடம் இருக்கும் ஒரே மூலம். அதில் இந்தப் பதிலுக்குப் பின் கேள்விக்குறி இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து அச்சில் வியப்புக்கும் கேள்விக்குறியே போடுவது உண்டு. சாரா சிடன்ஸ் என்ற பெரும் நடிகை, 1785இலிருந்து 1812இல் மேடையை விட்டு விலகும்வரை லண்டனில் லேடி மேக்பெத்தாக நடித்தவர், இந்த இரண்டு சொல்லை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் என்பது பதிவாகியிருக்கிறது. முதலில் இளக்காரமான கேள்வியாகச் சொன்னார். பிறகு "நாமா" என்று அழுத்தி வியப்பாகச் சொன்னார். கடைசியில் தாழ்ந்த, உறுதியான குரலில், முற்றுப்புள்ளியோடு நிறுத்தினார்.

ஆங்கிலத்தில் மூன்றுக்கும் எழுத்து ஒன்றுதான், குரல் மட்டும் மாறுகிறது. தமிழில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. "தோற்போமா?" என்று எழுதினால் ஒன்று, "நாமா தோற்பது!" என்று எழுதினால் இன்னொன்று, "தோற்போம்" என்று எழுதினால் மூன்றாவது. நம் வினாவும் அழுத்தமும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்பவை, எழுதும்போதே கட்சி கட்டியாக வேண்டும். வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. "நாமா தோற்பது!" என்ற கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். பின்வரிசையில் இருந்து பேசாத ஒரு பையன் மட்டும் "தோற்போம்" என்பதை எடுத்துக்கொண்டான். காரணம் கேட்டேன். "அவ தோத்தா என்ன ஆகும்னு ஏற்கெனவே யோசிச்சு முடிச்சுட்டா, மேம். யோசிக்காதவங்கதான் கோபப்படுவாங்க" என்றான். அடுத்த வரியிலேயே, துணிவை மட்டும் முறுக்கி நிறுத்துங்கள், நாம் தோற்கமாட்டோம் என்று அவள் சொல்வது அவனுக்கு எதிரான சாட்சி. அதை எடுத்துக் காட்டினேன். அவன் அசையவில்லை. நானும் இன்றுவரை முடிவு செய்யவில்லை, ஆனால் கட்சி மாறிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6

சொல்லின் எடையைப் பற்றி ஒரு குறிப்பு.

இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், ரத்தம் தோய்ந்த கையைப் பார்த்து மேக்பெத் கேட்கிறான்: கடல்தெய்வம் நெப்டியூனின் கடல் முழுவதும் இந்த ரத்தத்தைக் கழுவிவிடுமா? இல்லை, என் கைதான் "மல்டிட்யூடினஸ் சீஸ் இன்கார்னடைன்", அதாவது எண்ணிறந்த கடல்களையெல்லாம் செந்நிறமாக்கும். உடனே அடுத்த வரி "மேக்கிங் தி க்ரீன் ஒன் ரெட்". முதல் வரியில் லத்தீனிலிருந்து வந்த மலைபோன்ற சொற்கள், அடுத்ததில் குழந்தைக்கும் தெரிந்த சின்னச் சொற்கள். மாணவர்களிடம் இந்த இரண்டையும் தமிழ் ஆக்கச் சொன்னால் முதல் வரிக்குச் சமுத்திரம், வர்ணம், ரக்தம் என்று வடமொழியைத் தேடிப் போகிறார்கள், இரண்டாவதைப் "பச்சையைச் சிவப்பாக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். "செய்யுளுக்குக் கீழேயே உரை போட்டிருக்கான், மேம்" என்றாள் ஒருத்தி. இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தான் சொன்ன பெரிய சொல்லுக்குத் தானே பொருள் சொல்லிக்கொள்ளும் மனிதன், பொருள் தெரிந்ததும் எதைப் பார்க்கிறான்? நிறத்தை.

அப்போது உள்ளே வரும் லேடி மேக்பெத், என் கைகளும் உங்கள் நிறம்தான் என்கிறாள். கொஞ்சம் தண்ணீர் இந்தச் செயலிலிருந்து நம்மைத் துடைத்துவிடும் என்கிறாள். அவனுக்குக் கடல் போதவில்லை, அவளுக்கு "எ லிட்டில் வாட்டர்" போதும். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வந்து, அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் அனைத்தும் "திஸ் லிட்டில் ஹேண்ட்" என்ற கையை மணக்கச் செய்யாது என்று புலம்புகிறாள். அந்த "லிட்டில்" மட்டும் மிஞ்சியிருக்கிறது, தண்ணீர் அரேபியாவாகப் பெருகிவிட்டது. நாடகத்தை மூன்று அங்கம் தள்ளி வாசிக்கும்போது முதல் "லிட்டில்" நினைவில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 8

கோடு போடச் சொன்னதன் பின்விளைவையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் நாடகத்தில் "ரத்தம்" வரும் இடத்தையெல்லாம் கோடிட்டு, எண் போட்டு, பட்டியலாகக் கொண்டுவந்தான். இதிலிருந்து என்ன தெரிகிறது என்றேன். நாடகத்தில் ரத்தம் நிறைய இருக்கிறது என்றான். எண்ணுவதை வாசிப்பு என்று நான் எங்கோ நம்பவைத்திருக்கிறேன். தவறு அவனுடையதல்ல.

ஆகஸ்ட் 13

இன்னொருவரின் ஐயம்: அச்சுக்கோத்தவரின் கைப்பிழையாக இருக்கக்கூடிய சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது அபத்தம் இல்லையா?

அபத்தமாகக்கூடும். ஏழாம் காட்சியின் தொடக்கத்தில் மேக்பெத், காலத்தின் கரையிலும் மணல்திட்டிலும் நின்றுகொண்டு வரப்போகும் உலகத்தைப் பணயம் வைக்கத் தயார் என்கிறான். நாம் வாசிக்கும் பதிப்புகள் பெரும்பாலானவற்றில் "பேங்க் அண்ட் ஷோல்" என்று இருக்கும். ஃபோலியோவில் இருப்பது "ஸ்கூல்" என்று படிக்கத்தக்க எழுத்துகள். 18ஆம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்ட் அதை மணல்திட்டு என்று கொண்டார். அந்நாளில் மணல்திட்டைக் குறிக்கும் சொல்லையும் அப்படி எழுதுவது உண்டு என்பதால் அது வலுவான திருத்தம். ஆனால் அடுத்த சில வரிகளில், நாம் ரத்தப் பாடங்களைக் கற்பிக்கிறோம், கற்பிக்கப்பட்டவை திரும்பி வந்து கற்பித்தவனையே வாட்டுகின்றன என்று அவன் சொல்கிறான். பாடம், கற்பித்தல் என்று வருவதைப் பார்த்தால் பள்ளிக்கூடமும் அங்கே எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

சாமிநாதையர் பதிப்புகளைப் புரட்டிய நமக்குப் பாடபேதம் புதிதல்ல. பாடபேதம் இருப்பதனால் நுண்வாசிப்பு முடியாமல் போவதில்லை, எந்தப் பாடத்தைக் கொள்வது என்ற கேள்வியிலேயே அது தொடங்கிவிடுகிறது. என் வகுப்பு ஏகமனதாகப் பள்ளிக்கூடத்துக்கு வாக்களித்தது. அவர்களுக்குப் பள்ளி நினைவு இன்னும் ஆறவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 24

இதுவரை தமிழ் எங்களுக்கு உதவிய இடங்களையே அடுக்கிக்கொண்டு வந்தேன். கைவிட்ட இடத்தையும் எழுதாவிட்டால் நேர்மையில்லை.

ஐந்தாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி. அரசி இறந்துவிட்டாள் என்று சொல்கிறார்கள். மேக்பெத்தின் பதில் "ஷி ஷுட் ஹேவ் டைட் ஹியராஃப்டர்". இன்னும் சில காலம் கழித்து அவள் இறந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறானா, என்றைக்கானாலும் சாகத்தான் போகிறாள் என்று கைவிரிக்கிறானா? ஆங்கிலத்தின் "ஷுட்" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. தமிழில் "இறந்திருக்கலாம்", "இறந்திருப்பாள்", "இறந்திருக்க வேண்டும்" என்று எதை எழுதினாலும் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. "வீ ஃபெயில்" விஷயத்தில் தமிழ் எங்களைக் கட்சி கட்ட வைத்ததைக் கொண்டாடினேன். இங்கே கட்சி கட்டுவதே தவறு. மனைவி இறந்த செய்தியைக் கேட்டவன் தனக்கு வருத்தமா அலுப்பா என்று தெரியாமல் நிற்கிறான், அந்தத் தெரியாமையைத்தான் வரி வைத்திருக்கிறது.

அடுத்து வருவது "டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ". "நாளையும் நாளையும் நாளையும்" என்று எழுதினால் பொருள் சரி. ஆனால் மேசையில் தட்டிப் பாருங்கள். ஆங்கில வரியில் அடி விழும் ஐந்து இடங்களில் மூன்று "மா"வில் விழுகின்றன, இரண்டு "அண்ட்"டில் விழுகின்றன. பொருளே இல்லாத இணைப்புச்சொல்லின் மேல், நாளையின் மேல் விழும் அதே கனம். ஒன்றும் நடக்காத இடைவெளிக்கும் நாளுக்கு ஈடான பாரம். நம் "உம்" சொல்லோடு ஒட்டிக் கரைந்துவிடுகிறது, அதன்மேல் அடி விழாது. இந்த இடத்தில் மொழிபெயர்ப்பை ஓரம் வைக்கச் சொல்லிவிட்டு, அறுபது பேரையும் மேசையில் தட்ட வைத்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது.

ஆகஸ்ட் 25

நேற்று எழுதி முடித்த பிறகு "ஹியராஃப்டர்" உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தேன். முதல் அங்கத்தில் மூன்றாவது சூனியக்காரி, இனிமேல் அரசனாகப் போகிற மேக்பெத் வாழ்க என்று வாழ்த்தும்போது அந்தச் சொல் வருகிறது. மன்னன் டங்கன் தன் மகன் மால்கமுக்கு இனி இளவரசன் என்ற பட்டம் சூட்டும்போது வருகிறது. கடிதம் படித்த மனைவி கணவனை வரவேற்கும்போது, "தை லெட்டர்ஸ்" என்று சொல்வதற்கு ஒரு வரி முன்னால், அதே வாழ்த்தை எதிரொலித்து வருகிறது. கடைசியில் அவளுடைய சாவுக்கு வருகிறது. அரியணையைக் குறித்து வந்த "இனிமேல்" இது. "நாளை" என்பதும் அப்படியே: டங்கன் எப்போது புறப்படுகிறான் என்ற கேள்விக்கு மேக்பெத் சொன்ன முதல் பதில். நான் ஜூலை 16இல் அந்த வரியை இங்கேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போது கவனிக்கவில்லை. பாருங்கள், இத்தனை ஆண்டு நடத்திய பிறகும்.

செப்டம்பர் 3

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, தேர்வில் இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டா என்கிறார். வெளியிலிருந்து திருத்துபவர் பெரும்பாலும் குறிப்பையே எதிர்பார்க்கிறார், ஆகவே குறிப்பையும் கொடுக்கிறேன். "வால்ட்டிங் ஆம்பிஷன்" இன்றும் என் மாணவர்களின் விடைத்தாளில் இருக்கிறது. பக்கத்தில் அந்தப் பாதி வாக்கியத்தையும் எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை, கூடியதாகவும் தெரியவில்லை.

செப்டம்பர் 11

அவர் தம் வகுப்பில் ஒரு காட்சியை முயன்று பார்க்கப் போகிறாராம், எதை எடுக்கலாம் என்று கேட்கிறார். ஏழாம் காட்சி வேண்டாம், அதில் நான் இங்கே அதிகமாகக் கை வைத்துவிட்டேன். மூன்றாம் அங்கத்தின் நான்காம் காட்சியின் கடைசி இருபத்தைந்து வரிகளை எடுங்கள். விருந்தாளிகள் போய்விட்டார்கள். மேசை அப்படியே கிடக்கிறது. மேக்டஃப் என்ற பிரபு வர மறுத்ததைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று மேக்பெத் "தௌ" வழியில் கேட்கிறான். அவள் சொல்வது இவ்வளவுதான்: "டிட் யூ செண்ட் டு ஹிம், சர்?"

ஆள் அனுப்பினீர்களா என்பது சுலபம். அந்தச் "சர்" தான் பாடம். போன வாரம் என் வகுப்பில் பலகையில் மூன்று விடைகள் இருந்தன. "ஐயா" என்றால் ஊழியக்காரிபோல இருக்கிறது. "அரசே" என்றால் நாடகத் தமிழ். "சார்" என்று எழுதியவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அவர்களில் சிலர் அதுதான் சரி என்றார்கள், எங்கள் வீட்டில் அம்மா கோபம் முற்றிப்போனால் அப்பாவைச் "சார்" என்றுதான் கூப்பிடுவாள் என்று ஒருத்தி சாட்சியும் சொன்னாள். நான் நம்பவில்லை. லேடி மேக்பெத்திடம் அந்த நேரத்தில் கோபப்படும் அளவுக்குத் தெம்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் அவனிடம் விழித்திருந்து பேசுவது ஒரே வரி, உங்களுக்குத் தூக்கம் போதவில்லை என்பது. அடுத்து அவளைப் பார்க்கும்போது தூக்கத்தில் நடந்து வருகிறாள்.

உங்கள் அறுபது பேர் அந்தச் "சர்" என்ற சொல்லுக்கு என்ன எழுதினார்கள் என்பதை இங்கே போடுங்கள். நான்காவது விடை ஒன்று வேண்டியிருக்கிறது.